தொண்டை நனையாமல் பதினைந்து கிலோமீட்டர்

அந்த வாரத்தின் திங்கட்கிழமை ஒரு நாயைக் கல்லால் அடித்தேன். பெங்களூரில் ஹென்னூர் சாலை மேட்டில், காலை ஐந்தே முக்காலுக்கு, ஐந்தாவது தடவை ஏறிக்கொண்டிருந்தபோது. ஓடுகிறவன் உள்ளங்கைக்குள் ஒரு கல் இருப்பது அப்போதெல்லாம் எங்களுக்கு வழக்கம். மற்ற நாட்களில் அந்த நாய் குரைக்கும், துரத்தும், கையை ஓங்கினால் நின்றுவிடும். அன்றைக்கு அது குரைக்கவேயில்லை. புளிய மரத்தடியில் சும்மா நின்றது. வாலைக்கூட ஆட்டியது என்றே நினைக்கிறேன். நான் எறிந்தேன். பின்னங்கால் மூட்டில் பட்டது. எலும்பில் கல் படுகிற சத்தம் வேறு எதனோடும் சேராது. ஒருமுறை கேட்டால் போதும். மூன்று காலில் ஓடியது அது, என்னைவிட வேகமாக.

"இன்னா குரு, அது உன் பங்காளியா?" என்று கேட்டான் கூட ஓடி வந்த நண்பன். "ஞாயித்துக்கிழமை நாய்ங்க ஓடாது. மனுசங்கதான் ஓடுவாங்க. கல்ல மிச்சம் வை."

அவன் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, லிங்கராஜபுரத்தில் பெண்ணெடுத்து, மாமியார் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டவன். மாநகராட்சிக் குப்பை லாரி ஓட்டினான். காவிரிக் கலவரம் முடிந்து அது இரண்டாவது கோடை. "நான் ஓடக் கத்துக்கிட்டதே அப்பத்தான் மச்சா. வண்டிய நடுரோட்டுல உட்டுட்டு வீடு வரைக்கும் ஒரே ஓட்டம். வார்ம்-அப்கூட பண்ணல" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கும்போது முகமெல்லாம் அசையும், இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு மட்டும் அசையாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயப் பங்கின் விளையாட்டுக் குழு நடத்தும் சாலை ஓட்டம். பதினைந்து கிலோமீட்டர். கோவில் மைதானத்தில் கிளம்பி, ஹென்னூர் தாண்டி, செங்கல் சூளைகளும் திராட்சைத் தோட்டங்களும் தொடங்குகிற இடத்தில் ஒரு டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். நான் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். முப்பத்தொரு வயது. மெடல் வாங்குகிற ஓட்டக்காரன் இல்லை. கான்வாஸ் ஷூவும் கிழிந்த பனியனும் போட்டுக்கொண்டு விடியலில் தெருவை மிதிக்கிற நாலு பேரில் ஒருவன்.

எதற்காக ஓடினேன் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். என் கைக்காக ஓடினேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் மனைவியை இரண்டு முறை அடித்திருந்தேன். காரணங்கள் இருந்தன. எழுதினால் அவை நியாயம் போலத் தெரியும். ஆகவே எழுத மாட்டேன். இரண்டாவது முறை தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. தோடு காதைக் கிழித்தது. அவள் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு ஆயாவாக இருந்தாள். ரத்தம் அவளுக்குப் பழக்கம். பஞ்சை மடித்துக் காதில் அழுத்திக்கொண்டு, நோயாளிக்கு மாத்திரை வேளை சொல்கிற குரலில் சொன்னாள்.

"மூணாவது தடவை கிடையாதுங்க. கை எழுந்துச்சுன்னா பாப்பாவ தூக்கிக்கிட்டு கே.ஜி.எப். அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். கத்த மாட்டேன். அழ மாட்டேன். சாமியார்கிட்ட பஞ்சாயத்துக்கும் வர மாட்டேன். போனா போனதுதான்."

பிறகு அவளேதான் என்னை ஓடவும் அனுப்பினாள். நர்சிங் ஹோமில் ஒரு டாக்டர் யாரிடமோ சொல்லக் கேட்டிருக்கிறாள், கோபக்காரர்களுக்கு ஓட்டம் நல்லது என்று. விடியுமுன் என்னை எழுப்பி, ஷூவைக் காலடியில் கொண்டுவந்து வைப்பாள். "போங்க. போய் ரோட்ட அடிங்க. ரோடு வாங்கிக்கும்."

ரோடு வாங்கிக்கொள்ளும் என்று நானும் நம்பினேன். ஆறு வாரம் நம்பினேன்.

எங்கள் நாலு பேருக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பட்டாளத்திலிருந்து வந்தது என்பான் ஒருவன். புட்பால் கோச் சொன்னது என்பான் இன்னொருவன். ஓடுகிற வயிற்றில் தண்ணீர் இறங்கினால் விலாவில் கத்தி இறங்கும், முழங்கால் கழன்றுவிடும். வாய் கொப்பளித்துத் துப்பலாம். நாக்கடியில் ஒரு கல் உப்பை ஒதுக்கிக்கொள்ளலாம். விழுங்கினால் போச்சு. அந்தச் சட்டத்தை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் என் நண்பன்தான். "தண்ணி குடிக்கிறவன் குழாயடியில நிக்கட்டும் மச்சா. ரோட்டுல அவனுக்கு இன்னா வேலை?"

செவ்வாய்க்கிழமை அவனும் நானும் மத்தியான வெயிலில் ஓடினோம். வெயிலை வெயிலில்தான் பழக்க வேண்டும் என்பது அவனுடைய இன்னொரு கண்டுபிடிப்பு. பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமல் வெளியே வந்தேன். பெங்களூரின் கோடை மெத்தென்று இருக்கும் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். அந்த வருஷம் மாங்காய் மழையும் வரவில்லை. தார் உருகி ஷூவின் அடியைப் பிடித்து இழுத்தது. ஒவ்வோர் அடியையும் பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. கொன்றை மரங்கள் மஞ்சளாகப் பற்றி எரிந்தன. மூச்சை இழுத்தால் லேத்தில் சீவிய இரும்புத் தூளை இழுக்கிற மாதிரி. பத்தாவது நிமிஷத்தில் வலது பெருவிரல் நகம் சதைக்குள் மடிந்தது. ஷூவுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்: என்னை நானே உதைத்துக்கொண்டு போவதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உதை வாங்குகிறவனும் நான், உதைக்கிறவனும் நான், நடுவில் பேச ஒருவரும் இல்லை.

அன்று சாயங்காலம் எனக்கு மூத்திரம் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. நாலு குடித்தனத்துக்கும் பொதுவான கழிப்பறை. தண்ணீர் மிச்சம் பிடித்து ஊற்றுகிற இடம். எனக்கு அடுத்து அவள் போய்விட்டு வந்தாள். வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"அது உங்களோடதா?"

"எது?"

"நடிக்காதீங்க. இந்த வாரம் வார்டுல ரெண்டு பேர். ஒருத்தன் செங்கல் சூளையில கல்லு சுமக்கிறவன், உங்க வயசுதான். தண்ணி இல்லாம வெயில்ல வேலை செஞ்சிருக்கான். தூக்கிட்டு வரும்போது சிரிச்சிக்கிட்டே வந்தான். நாங்க மொதல்ல என்ன கேப்போம் தெரியுமா? பக்கத்துல நிக்கிறவங்களக் காட்டி, இது யாருன்னு கேப்போம். அவன் பொண்டாட்டி நின்னுச்சு. யாருன்னு தெரியல அவனுக்கு. போஸ்ட் ஆபீஸ்னு சொன்னான்."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. சாயங்காலம் செத்துட்டான்."

நான் சிரிப்பை நிறுத்தவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

புதன்கிழமை ஒரு ஸ்கூட்டர்காரனோடு சண்டை. ரிச்சர்ட்ஸ் டவுனில், மரநிழலும் ஓட்டு வீடுகளும் உள்ள ஒரு அமைதியான தெருவில், அவனுடைய கண்ணாடி என் முழங்கையில் உரசியது. அவன் நின்று, "சாரி சார், நோடலில்லா" என்று கன்னடத்தில்தான் சொன்னான், பார்க்கவில்லை என்று. மன்னிப்புக் கேட்கிறவனை என்ன செய்வது? நான் அவனுடைய ஸ்கூட்டர் கண்ணாடியைப் பிடித்து முறுக்கி ஒடித்தேன். கையோடு வந்துவிட்டது. அதில் என் முகம் தெரிந்தது: உதடெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, கண் இரண்டும் மிளகாய். அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டு ஓடினேன். அவன் பின்னாலிருந்து என்னென்னவோ கத்தினான். ஓடத் தெரிந்தவனுக்கு இது ஒரு வசதி. அடித்துவிட்டு அங்கே நிற்க வேண்டியதில்லை.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆறு வாரமாக நான் கோபத்தைச் சாலையில் கொட்டிவிட்டு வரவில்லை. அதற்கு நுரையீரல் வளர்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிற கோபம், இப்போது பதினைந்து கிலோமீட்டர் ஓடியும் களைக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது சின்ன விஷயம். மகளுக்கு நாலு வயது. கட்டில் காலிலிருந்து தண்ணீர்க் குடம் வரை ஓடி, குடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் அவளுடைய பந்தயம். "டாடி பர்ஸ்ட்டா, நான் பர்ஸ்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, சிந்தச் சிந்த என் முன்னால் வந்து நின்றாள்.

"குடி டாடி."

நான் தலையைச் சொறிவதற்காகக் கையைத் தூக்கினேன். தலையைச் சொறியத்தான்.

அவள் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். டம்ளரைக் கீழே போடவில்லை. தோளைக் காது வரைக்கும் உயர்த்தி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தண்ணீரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். அடி விழுந்து முடிந்த பிறகு கண்ணைத் திறக்கலாம் என்று காத்திருக்கிற மாதிரி. அவளை நான் தொட்டதேயில்லை. பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அடுப்பருகே இருந்து அவள் அம்மா அதைப் பார்த்தாள். குழந்தையின் கையிலிருந்து டம்ளரை வாங்கி, அவளே குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அன்று இரவு தண்ணீர் குடிக்காமலே படுத்தேன். ஞாயிறுவரை குறைத்துக் குறைத்துக் குடிப்பது, உடம்பைக் காயப் போடுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

சனிக்கிழமை அவள் என் பனியனில் நம்பர் துணியை நாலு ஊக்குகளால் குத்திக்கொண்டிருந்தாள். பல்லில் ஒரு ஊக்கைக் கடித்தபடியே, "நாளைக்கு மாதர் சங்கத்துல தண்ணி மேசை போடறாங்க. போகும்போதும் வரும்போதும் ஒரே எடம், மேட்டுக்கு அந்தாண்ட புளிய மரத்தடியில. நானும் நிக்கிறேன்" என்றாள்.

"நில்லு. எனக்கு மட்டும் நீட்டாத."

"நீட்டுவேன்."

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காத. ரோட்டுல தண்ணி குடிச்சா என்னை என்னான்னு சொல்லுவாங்க தெரியுமா?"

"செத்துட்டான்னு சொல்ல மாட்டாங்க இல்ல?" ஊக்கை அழுத்திப் பூட்டினாள். "நீட்டுவேங்க. வேணாம்னா வாயால வேணாம்னு சொல்லுங்க. போயிடறேன்."

வாயால் சொல். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு ஓட்டம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் ஆறரைக்கு வரவில்லை. ஏழரைக்கு வரவில்லை. பெரிய மனுஷர் வராமல் ஒரு கொடியும் அசையாது. அது எந்த ஊரிலும் அப்படித்தான். தொண்ணூறு பேர் சுண்ணாம்புக் கோட்டின் பின்னால் நின்றோம். உட்கார்ந்தால் இடம் போய்விடும். வெயில் கோவில் கோபுரத்தின் சிலுவையில் இறங்கி, தோரணத்தில் இறங்கி, எங்கள் தலையில் இறங்கியது. எட்டே காலுக்கு வெள்ளை அம்பாசடர் வந்தது. மாலை. ஜெபம். கன்னடத்தில் ஒரு உரை, தமிழில் ஒரு உரை, ஆங்கிலத்தில் நன்றி.

"இவரு பேசி முடிக்கறதுக்குள்ள நாம ஓடி முடிச்சிட்டு வந்துடலாம் குரு" என்றான் நண்பன். அவன் உதடும் வெடித்திருந்தது. "தொண்டை காயுதா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கப் பார்த்தான். விழுங்குவதற்கு எச்சில் இல்லை.

ஒன்பது மணிக்குக் கொடி அசைந்தது.

முதல் நாலு கிலோமீட்டர் நான் ஒருவரையும் மனுஷராகப் பார்க்கவில்லை. முதுகுகள். ஒவ்வொரு முதுகையும் கண்ணால் குத்தித் தாண்டினேன். என் முழங்கை ஒருவனுடைய விலாவில் இடித்தது, வேண்டுமென்றேதான். புளிய மரத்தடி மேசையை மறுபக்கமாகத் தாண்டிப் போனேன். நீலக்கரை வெள்ளைப் புடவைகளுக்கு நடுவில் அவள் இருந்தாள். நான் பார்க்கவில்லை. மூன்று கால் நாயும் அங்கே எங்கோ நிழலில் கிடந்தது. அதைப் பார்த்தேன்.

நண்பன் என் தோளோடு தோளாக வந்துகொண்டிருந்தான். ஹென்னூர் தாண்டியதும் சாலை இளைத்துச் செம்மண் ஆனது. லாரி ஒன்று போனால் ஐந்து நிமிஷத்துக்குத் தூசி நின்றது. சூளைகளின் பக்கமிருந்து வந்த காற்று, அடுப்பு வாயில் முகத்தை நுழைத்த மாதிரி அடித்தது. எனக்கு வியர்ப்பது நின்றுபோனது. தோல் காய்ந்து, மாவு பூசினாற்போல் உப்பு. கையைத் தடவினால் சொரசொரவென்று இருந்தது. குளிரக்கூடச் செய்தது கொஞ்சம். திரும்புகிற டிரம்மின் பக்கத்தில் சூளைக்காரப் பெண் ஒருத்தி மோர்ப்பானை வைத்துக்கொண்டு நின்றாள், யாரும் ஏற்பாடு செய்யாமல், அவளாகவே. நான் டிரம்மைச் சுற்றினேன். பக்கத்தில் காலடிச் சத்தம் நின்றுபோனது.

திரும்பிப் பார்த்தேன். என் நண்பன் சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தான். ஒன்று. இன்னொன்று. மோர் தாடையில் வழிந்து நெஞ்சில் இறங்கியது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"மன்னிச்சுடு குரு! தாய் கூப்பிடுது!"

என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு கிலோமீட்டர் கழித்து அவன் என்னைப் பிடித்தான். இன்னும் அரைக் கிலோமீட்டரில் தாண்டினான். விலாவில் கத்தி இறங்கவில்லை அவனுக்கு. முழங்கால் கழலவில்லை. தாண்டும்போது, "நீயும் குடிடா, செத்துடாத" என்றான். கிண்டலே இல்லாத குரல். அது கிண்டலைவிடக் கொடுமை. ஆறு வாரம் நான் என் தொண்டையைத் தீய்த்துக்கொண்ட சட்டத்தை, சத்தமாகச் சொன்னவனே இரண்டு சொம்பு மோரில் கழுவி விட்டுவிட்டான். அவனுடைய நனைந்த முதுகு முன்னால் போய்க்கொண்டேயிருந்தது. அந்த முதுகை உரிக்க வேண்டும் போலிருந்தது.

மேடு தெரிந்தது. அதற்கு இப்புறம் புளிய மரம், மேசை, புடவைகள். நண்பன் மேசையருகே போய், என் மனைவியின் கையிலிருந்தே ஒரு டம்ளரை வாங்கிக் குடித்து, தலையில் மிச்சத்தை ஊற்றிக்கொண்டு ஓடினான். நான் சாலையின் அந்த ஓரத்துக்கு ஒதுங்கினேன். நேராக ஒதுங்கியதாகத்தான் நினைத்தேன். கோணல்மாணலாக, குடிகாரனைப் போல இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அவள் மேசையைச் சுற்றி வரவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையில் எவர்சில்வர் டம்ளரோடு, என் பக்கத்தில் ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. தார் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க. ஒரு வாய். ஒரே வாய்."

நான் ஓடினேன்.

"ஏங்க, இங்க பாருங்க. என் மூஞ்சப் பாருங்க. நான் யாரு? நான் யாருன்னு சொல்லுங்க!"

வார்டில் கேட்கிற கேள்வி. என் பதிலில் என் உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"தெரியும்டி" என்றேன். "தள்ளு!"

என் கை எழுந்தது. புறங்கை. டம்ளரைத் தட்டிவிடத்தான் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். டம்ளரோடு அவள் வாயும் அங்கே இருந்தது. விளிம்பு அவள் மேலுதட்டில் இறங்கிப் பல்லில் மோதியது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது, ஐஸ் போல. டம்ளர் தாரில் விழுந்து உருண்ட சத்தம், மாதர் சங்கத்து அத்தனை பெண்களும் பேச்சை நிறுத்திய சத்தம்.

நின்றேனா? இல்லை. ஓடினேன்.

முப்பதடி முன்னால் என் நண்பன் நின்றுவிட்டான். சத்தம் கேட்டுத் திரும்பி, இடுப்பில் கையை வைத்து, வாயைத் திறந்தபடி நின்றான். நான் அவனைத் தாண்டினேன். தாண்டும்போது எனக்குள் ஏதோ ஒன்று, ஒரு இடம் முன்னேறிவிட்டேன் என்று கணக்குப் போட்டது. பொய் சொல்லவில்லை. அவள் உதட்டிலிருந்து ரத்தம் புடவையில் சொட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், நான் ஒன்பதாம் இடத்தில் இருந்தேன். அவன் என் பின்னால் வரவில்லை. ரேஸை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கமாகத் திரும்பி நடந்தான். சட்டம், குழாயடி எல்லாம் பேசினவன்.

ஒன்பதாவதாகவே கோட்டைத் தொட்டேன். தொட்டதும் மைதானத்து மண் எழுந்து என் கன்னத்தில் அறைந்தது. யாரோ வாளித் தண்ணீரை என் மேல் ஊற்றினார்கள். யாரோ வாயில் குளூக்கோஸைப் புகட்டினார்கள். அதற்குள் விஷயம் எனக்கு முன்னால் ஓடி வந்திருந்தது. குழுவைச் சேர்ந்த ஒருவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, மிகவும் இரக்கத்தோடு, "வெயில்ல புத்தி கலங்கிடுச்சு. யாருன்னு தெரியாம தட்டிட்டாரு. அந்தம்மா புரிஞ்சுக்கும்" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மண்ணில் படுத்தபடியே ஆட்டினேன். அவ்வளவு நல்ல காரணம் இதற்கு முன்னால் எனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்து நிமிஷத்து நடை அது. இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகிவிட்டிருந்தன. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். வழியெல்லாம் அந்தக் காரணத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். யாருன்னே தெரியலடி. சத்தியமா தெரியல. போஸ்ட் ஆபீஸ்னு நெனச்சேன்.

கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, எப்போதும் எங்கள் சாவியை வைத்திருக்கிறவர், படியிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. சாவியை என் கையில் தரவில்லை. படியில் வைத்தார்.

"பாப்பாவ கூட்டிக்கிட்டு ஈஸ்ட் ரயில்வே ஸ்டேஷன் போயிருக்கு தம்பி. ரெண்டு தையல் போட்டுக்கிட்டு வந்துச்சு. உன் பிரெண்டுதான் லாரில உட்கார வெச்சு டாக்டராண்ட கூட்டிட்டுப் போனான்."

"ஆன்ட்டி, எனக்கு வெயில்ல புத்தி..."

"அதெல்லாம் எனக்கும் சொன்னாங்க." அவர் எழுந்தார். "நானும் அதத்தான் அதுகிட்ட சொன்னேன். பாவம்மா, யாருன்னே தெரிஞ்சிருக்காதுன்னு. அது என்னா சொல்லுச்சு தெரியுமா? 'கேட்டேன் ஆன்ட்டி. தெரியும்னு சொன்னாரு'ன்னுச்சு."

நான் குனிந்து படியிலிருந்த சாவியை எடுத்தேன்.

"வண்டி பன்னெண்டரைக்கு" என்றார். "இன்னும் கா மணி நேரம் இருக்குது. ஓடினா பிடிச்சிடலாம். நீதான் ஓடறவனாச்சே."

கிண்டலாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் ஒரு கணம் அது வழி போலத் தெரிந்தது. ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. திங்கட்கிழமையென்றால் எட்டு நிமிஷம். திரும்பினேன். இரண்டு அடி வைத்தேன். வலது கெண்டை, துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கி, என்னைப் படியில் தள்ளியது. முழங்காலில் தவழ்ந்து எழுந்தேன். மறுபடி தள்ளியது. ஆன்ட்டி பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கிவிட வரவில்லை.

கடைசியில் கதவைத் திறந்து உள்ளே போனேன். அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, விடிகாலையில் ஒரு மணி நேரம். பந்தய அவசரத்தில் நான் அதை மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை. நாலு குடம், அண்டா, இரண்டு வாளி, சொம்பு, மகள் தொட்டு விளையாடுகிற அந்தப் பித்தளைக் குடம், எல்லாம் விளிம்பு வரை நிரம்பியிருந்தன. என்னை எழுப்பி, ஷூவை எடுத்து வைத்துவிட்டு, மேசைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிடித்து வைத்தது. மூடி போட்டு, மூடிமேல் டம்ளரைக் கவிழ்த்து.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு முறை கே.ஜி.எப். ரயிலில் வருகிறாள்; ஏதாவது ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நான் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொள்கிறேன், அவளுக்குத் தெரிகிற மாதிரி. அவள் அம்மா வந்ததில்லை. அதற்குப் பிறகு நான் யாரையும் அடித்ததில்லை. எட்டும் தூரத்தில் யாரும் இருந்ததுமில்லை. ஆகவே அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு டம்ளரை எடுக்கவில்லை நான். தரையில் உட்கார்ந்து, பித்தளைக் குடத்தை இரண்டு கையாலும் சாய்த்து, வாயை வைத்துக் குடித்தேன். மூக்கில் ஏறியது. காதில் வழிந்தது. பனியன், நம்பர் துணி, நாலு ஊக்கு, எல்லாம் நனைந்தன. குடித்தது அத்தனையும் அதே தரையில் வாந்தியாக வந்தது. மறுபடி சாய்த்தேன். லெவல் கிராசிங் பக்கம் ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று. குடத்தைக் கீழே வைக்காமல் குடித்துக்கொண்டேயிருந்தேன்.